யூ இல்லாமல் கியூவை இறக்குவது எப்படி? ஸ்கிராபிள் ஆடுபவர்களுக்குக் குட்டிச் சொற்கள், பொருளோடு

ஆங்கில எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில், கியூ என்ற எழுத்து கைக்கு வந்ததும் பலருக்கு முகம் தொங்கிவிடும். கியூ வந்தால் பின்னாலேயே யூ வரவேண்டும் என்று ஒன்றாம் ஆண்டிலேயே மண்டையில் ஏற்றிவிடுகிறார்களே! ஸ்கிராபிள் பையில் 100 காய்கள். அதில் கியூ ஒன்றே ஒன்று, யூ நான்கு. அந்த நான்கில் ஒன்று வரட்டும் என்று கியூவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், எதிராளி ஏழு காய்களோடு ஆடுவார், நாம் ஆறோடு ஆடுவோம்.

யூ துணையில்லாமல் கியூவை இறக்கச் சில டஜன் சொற்கள் இருக்கின்றன. பினாங்கில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் பெரிய சாதகம் உண்டு. அந்தச் சொற்களில் பல அரபியிலிருந்து வந்தவை, மலாய் வழியாக நம் காதில் தினமும் விழுபவை. சில சீனத்திலிருந்து வந்தவை. லண்டன் பிள்ளை உருப்போட்டுப் படிக்க வேண்டியதை நம் பிள்ளை ஏற்கெனவே பாதி தெரிந்து வைத்திருக்கிறது. எழுத்துக்கூட்டல் மட்டும்தான் பாக்கி.

எழுத்துக்கூட்டல் என்றதும் ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்துகளைத் தமிழில் பெயர் சொல்லி எழுதும்போது 'டி'யும் 'பி'யும் குழப்பும். அதனால் இங்கே டாக்டரில் வருவது டி, டைகரில் வருவது ட்டி. பஸ்ஸில் வருவது பி, பேப்பரில் வருவது ப்பி. பக்கத்தில் ஒரு தாளை வைத்து ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வாசியுங்கள். அதுவே முதல் பயிற்சியாகவும் ஆகிவிடும்.

படி 1: எந்தப் பட்டியல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எந்தச் சொல் செல்லும் என்று சொல்லும் பட்டியல் ஊருக்கு ஊர் வேறு. நம் நாட்டுப் போட்டிகளில் காலின்ஸ் அகராதிக்காரர்களின் பட்டியல்தான். அமெரிக்காவுக்கு வேறு பட்டியல். இரண்டெழுத்துச் சொற்களை மட்டும் எடுத்தால் காலின்ஸின் 2019 பதிப்பில் 127, அமெரிக்கர்களின் 2018 பட்டியலில் 107. ஃபோனில் ஆடும் சில செயலிகள் அமெரிக்கப் பட்டியலைப் பிடித்துக்கொள்ளும். அங்கே போய் ஸெட்-ஓ போட்டால் ஏற்காது. வீட்டில் ஆடினாலும் முதல் காயை எடுப்பதற்கு முன்பே எந்தப் பட்டியல் என்று பேசிவிடுங்கள். பாதி ஆட்டத்தில் பேசினால் சண்டைதான்.

கீழே சொல்பவை எல்லாம் காலின்ஸ் கணக்கு.

படி 2: இரண்டெழுத்தில் கியூ ஒன்றுதான்

கியூ-ஐ. உச்சரிப்பு 'ச்சீ'. உடலில் ஓடும் உயிர்சக்தி என்று சீனர்கள் சொல்வது. காலையில் தண்ணீர்மலைப் பூங்காப் பக்கம் நடக்கப் போகிறவர்கள், சீனத் தாத்தா பாட்டிகள் வரிசையாக நின்று மெதுவாகக் கையை அசைத்து மூச்சை இழுத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சீகோங்கில் வரும் 'ச்சீ' இதுதான். சீகோங் என்பதே ஆறெழுத்துச் சொல்லாகச் செல்லும்: கியூ-ஐ-ஜி-ஓ-என்-ஜி, எழுத்துகளின் மதிப்பைக் கூட்டினால் 17 புள்ளி.

அமெரிக்கப் பட்டியலில் கியூ-ஐ சேர்ந்ததே 2006இல்தான். அதனால் பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் இதைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டு வரவேற்பறையில் கேட்டது:

"என்னடா இது? யூ எங்க?"

"யூ வேணாம் மாமா. இது ச்சீ. சீகோங்ல வர்ற ச்சீ."

"சீனச் சொல்ல இங்கிலீஷ்ல போடலாமா?"

"தோசையே அகராதில இருக்கு மாமா, இது இருக்கக்கூடாதா? சந்தேகம்னா செலஞ்ச் பண்ணுங்க."

மாமா செலஞ்ச் பண்ணவில்லை. பையன் சொன்னது சரிதான், தோசையும் பட்டியலில் இருக்கிறது, இட்லியும் இருக்கிறது. சொல் செல்லாது என்று செலஞ்ச் பண்ணித் தோற்றால் எத்தனை புள்ளி போகும் என்பது இடத்துக்கு இடம் மாறும். போட்டிக்குப் போனால் ஏற்பாட்டாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: காதில் விழும் சொற்களைப் பட்டியலோடு பொருத்துங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுக்கண்டம். அவசரப்படாமல் போங்கள்.

டபிள்யூ-ஏ-கியூ-எஃப். அறத்துக்காக எழுதிவைத்த நிலமோ சொத்தோ. மலாயில் வக்காஃப். ஜார்ஜ்டவுனில் இந்தச் சொல்லுக்கு நடுவிலேயே நடக்கலாம். தமிழகக் கரையிலிருந்து வந்த காதர் முகைதீன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அதைச் சுற்றியிருந்த நிலமும் வக்ஃப் சொத்துதான். நான்கே எழுத்து, 19 புள்ளி. டபிள்யூவும் எஃப்பும் சேர்ந்து கையில் மாட்டிக்கொள்ளும் நேரத்தில் இந்தச் சொல் தெய்வம் மாதிரி வரும்.

எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர். பக்கிரி. சூலியா தெரு முனையில் இருக்கும் நாகூர் தர்காவைக் கடந்து போகிறவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டாம். மலாயில் ஃபக்கீர் மிஸ்கின் என்றால் ஏழை எளியவர். 17 புள்ளி. கியூ இல்லையென்றால் அந்த இடத்தில் கே போட்டும் எழுதலாம், அதுவும் செல்லும்.

கியூ-ஏ-டி-ஐ. இஸ்லாமியச் சட்டப்படி தீர்ப்புச் சொல்பவர். இங்கே மலாய்க்காரர் வீட்டு நிக்காஹுக்குக் காடி வந்தாரா என்று கேட்பார்களே, அவர்தான். இதே நான்கு எழுத்துகளை மாற்றிப்போட்டால் கியூ-ஏ-ஐ-டி. வட ஆப்பிரிக்காவில் ஊர்த்தலைவர். இரண்டுக்கும் 14 புள்ளிதான், ஆனால் ஒன்று பொருந்தாத இடத்தில் மற்றொன்று பொருந்தும். அதனால் இரண்டையும் ஜோடியாகவே படியுங்கள்.

கியூ-ஐ-பி-எல்-ஏ. தொழுகைக்கு முகம் திருப்ப வேண்டிய திசை. ஹோட்டல் அறையில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் கூரையில் ஓர் அம்புக்குறியும் கிப்லாட் என்ற எழுத்தும் தெரியும். 16 புள்ளி.

என்-ஐ-கியூ-ஏ-பி. கண் மட்டும் தெரியும்படி முகத்தை மூடும் துணி. இதுவும் 16. பி-யூ-ஆர்-கியூ-ஏ என்ற புர்காவும் 16தான். அதில் யூ இருக்கிறது, ஆனால் கியூவுக்கு முன்னால் நிற்கிறது. எஸ்-யூ-கியூவும் அப்படியே, அரபு ஊர்ச் சந்தை. கையில் யூ இருந்தும் கியூவுக்குப் பின்னால் வைக்க இடமில்லாமல் தவிப்பவர்களுக்கு இந்த இரண்டும் கைகொடுக்கும்.

ட்டி-ஏ-எல்-ஏ-கியூ. மணவிலக்கு. 14 புள்ளி. கியூ கடைசியில் நிற்கும் சொற்கள் குறைவு என்பதால் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மயக்கமருந்தைச் சுருக்கிச் சொல்லும் ட்டி-ஆர்-ஏ-என்-கியூ, ஐந்தைக் குறிக்கும் சி-ஐ-என்-கியூ ஆகியவையும் அந்தக் கோஷ்டி.

கியூ-ஓ-ஆர்-எம்-ஏ. நாசி கண்டார் கடையில் ஆட்டுக்குருமா என்று கேட்டு வாங்குகிறோமே, அதே குருமா. கே போட்டு எழுதுவதுதான் வழக்கம், கியூவும் செல்லும். 16 புள்ளி. சாப்பாட்டுச் சொல் என்பதால் பிள்ளைகள் இதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறார்கள்.

கியூ-ஏ-டபிள்யூ-டபிள்யூ-ஏ-எல்-ஐ. கவாலிப் பாட்டு. பையில் இருப்பதே இரண்டு டபிள்யூ. இரண்டும் கியூவும் ஒரே கையில் சேருவது அபூர்வம், சேர்ந்தால் ஏழும் இறங்கிவிடும், கூடவே 50 புள்ளி போனஸ். இதற்காகக் காத்திருக்கக் கூடாது. தெரிந்து வைத்திருப்பதில் ஒரு சுகம், அவ்வளவுதான்.

நம் ஊர்க் காதுக்குப் புதியவை சில. கியூ-ஏ-ட்டி, ஏமனில் வாயில் அடக்கி மெல்லும் இலை. கியூ-ஏ-என்-ஏ-ட்டி, ஈரானில் மலையடி நீரை நிலத்துக்கு அடியிலேயே ஊருக்குக் கொண்டுவரும் சுரங்க வாய்க்கால். கியூ-ஓ-ப்பி-எச், எபிரேய எழுத்து ஒன்றின் பெயர். கியூ-ஐ-என், சீனர்களின் நரம்பு வாத்தியம். இவற்றை மட்டும் உருப்போடத்தான் வேண்டும்.

கத்தார், ஈராக் இரண்டும் செல்லாது. நாட்டுப்பெயர், ஆள்பெயர் எதுவும் கூடாது. கடை கடையாக ஒட்டியிருக்கும் கியூஆரும் சுருக்கம் என்பதால் கூடாது.

படி 4: மலாய் எழுத்துக்கூட்டலை மறந்துவிட்டு எழுதிப் பாருங்கள்

சாதகம் என்று சொன்னதில் ஒரு பொறியும் இருக்கிறது. மலாய் ஒலித்தபடியே எழுதும் மொழி. கியூ வரவேண்டிய இடத்தில் கே போட்டுவிடும், எக்ஸ் வரவேண்டிய இடத்தில் கே-எஸ். டாக்சியை ட்டி-இ-கே-எஸ்-ஐ பாணியில் எழுதிப் பழகிய கை அது. வக்காஃபில் எஃப்புக்கு முன்னால் ஓர் ஏ வேறு சேர்ந்துகொள்ளும், கிப்லாட்டின் கடைசியில் ட்டி சேரும். பலகையில் இந்த இரண்டும்தான் அடிக்கடி தப்பாக வருவதைப் பார்க்கிறேன்.

ஒரு தாளில் இடப்பக்கம் மலாய் வடிவம், வலப்பக்கம் ஸ்கிராபிள் வடிவம் என்று எழுதி, மாறும் எழுத்தை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். போதும்.

படி 5: பலகையில் கிடக்கும் சொல்லுக்கு முன்னால் கியூவை ஒட்டுங்கள்

முழுச்சொல்லையும் கையிலிருந்தே இறக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பலகையில் ஏ-ட்டி கிடந்தால் அதன் முன்னால் கியூ ஒட்டினால் ஏமன் இலை ஆகிவிடும். ஐ-என் கிடந்தால் வாத்தியம். ஐ-எஸ் கிடந்தால் ச்சீயின் பன்மை. ஏ-ஐ-டி கிடந்தால் ஊர்த்தலைவர். இந்த நான்கு சொற்களில் ஒன்றாவது ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் பலகையில் எங்கேயாவது கிடக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. கியூ கைக்கு வந்தவுடன் கண் முதலில் தேட வேண்டியது இவற்றைத்தான், அப்புறம் தனியாக நிற்கும் ஐ.

பின்னால் ஒட்டுவது இன்னும் எளிது. மேலே சொன்ன வக்ஃப், பக்கிரி, காடி, நிக்காப் எல்லாவற்றுக்கும் கடைசியில் எஸ் போடலாம்.

படி 6: ஒரே கியூவுக்கு இரண்டு முறை காசு வாங்குங்கள்

இந்த ஒன்றை மட்டும் பலகையை விரித்துச் செய்து பாருங்கள். கரும்நீலக் கட்டம் எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும். பலகை முழுவதும் அப்படி 12 கட்டங்கள் உண்டு. ஹஜ்ஜுக்குப் போய்வந்தவரைக் குறிக்கும் எச்-ஏ-ஜே-ஐ மேலிருந்து கீழாகக் கிடக்கிறது என்று வையுங்கள். கடைசி எழுத்து ஐ. அதன் கீழே காலி. அந்த ஐக்கு இடப்பக்கம் கரும்நீலக் கட்டம், அதுவும் காலி, அதன் மேலேயும் கீழேயும் ஒன்றுமில்லை.

அந்தக் கரும்நீலத்தில் உங்கள் கியூவை வையுங்கள். அதற்கு நேர்கீழே கையிலிருந்து ஓர் ஐ வையுங்கள். இடமிருந்து வலமாகக் கியூ-ஐ, மேலிருந்து கீழாகவும் கியூ-ஐ. கியூவுக்கு 10, மும்மடங்கில் 30, ஐக்கு ஒன்று, ஆக 31. அது இரண்டு திசையிலும் எண்ணப்படும் என்பதால் 62. இறக்கியது இரண்டே இரண்டு காய்.

ஏழு காயையும் இறக்கிப் போனஸ் வாங்கியவருக்கே சில சமயம் இதைவிடக் கொஞ்சம்தான் கூட வரும். நீளமான சொல்லைத் தேடி ஐந்து நிமிடம் புருவத்தைச் சுருக்குவதைவிட, கரும்நீலக் கட்டங்களின் ஓரத்தில் எந்த உயிரெழுத்து நிற்கிறது என்று பார்ப்பது லாபம். இதை நான் எல்லா இடத்திலும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். நீளச் சொல்லின் மேல் பிள்ளைகளுக்கு இருக்கும் மயக்கம் லேசில் போவதில்லை.

படி 7: ஸெட், எக்ஸ், ஜே

வழி தெரிந்துவிட்டதால் இவற்றை வேகமாகப் பார்க்கலாம். மூன்றும் பையில் ஒவ்வொன்றுதான். ஸெட் 10, மற்ற இரண்டும் தலா 8.

ஸெட்டுக்கு இரண்டெழுத்தில் மூன்று. ஸெட்-ஏ, பீட்ஸாவின் சுருக்கம். ஸெட்-ஓ, திபெத்துப் பக்கம் கவரிமாவையும் பசுவையும் கலந்து பிறக்கும் மாடு. இதன் முன்னால் டி ஒட்டினாலும் அதே மாடுதான், செல்லும். ஸெட்-இ, ஆண் பெண் என்று பிரிக்காமல் ஒருவரைச் சுட்டும் சொல், 2019இல் சேர்ந்தது. மூன்றெழுத்துக்குப் போனால் ஏ-டி-ஸெட், தச்சர் கையிலிருக்கும் வாய்ச்சி. எஃப்-இ-ஸெட், குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி. ஸெட்-ஏ-எக்ஸ், கூரைக்கு ஸ்லேட் கல்லைச் செதுக்கும் கருவி, மூன்றே எழுத்துக்கு 19. இங்கேயும் நம் ஊர்க் காது உதவும்: ஏ-ஸெட்-ஏ-என் என்பது பாங்கொலி, ஸெட்-ஏ-கே-ஏ-ட்டி என்பது ஸக்காத், 18 புள்ளி. நோன்பு மாதப் பசாரில் பலகாரம் வாங்குகிறவர்களுக்கு பி-ஏ-ஸெட்-ஏ-ஆர், ஏ ஒன்று குறைந்தாலும் செல்லும் என்பது சந்தோஷச் செய்தி.

எக்ஸ்தான் என் கணக்கில் நான்கில் மிக உதவியான காய். ஏ, இ, ஓ மூன்றுக்கும் பின்னால் நிற்கும்: கோடாரி, பழைய காதலன் அல்லது காதலி, எருது. ஐக்கும் யூவுக்கும் முன்னால் நிற்கும்: கிரேக்க எழுத்து ஒன்று, வியட்நாமியர்களின் பழைய சில்லறைக் காசு. ஐந்து உயிரெழுத்திலும் ஏதாவது ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும் காய் இந்த நான்கில் வேறு கிடையாது. கரும்நீலத்தில் வைத்து இருபக்கமும் எண்ணினால் 50.

ஜேக்கு இரண்டுதான். ஜே-ஓ என்றால் ஸ்காட்லாந்தில் அன்புக்குரியவர். ஜே-ஏ என்றால் தென்னாப்பிரிக்காவில் ஆமாம். மற்றபடி நம் வீட்டுச் சொற்களே போதும்: ப்பி-யூ-ஜே-ஏ பூஜை, ஆர்-ஏ-ஜே ஆட்சி, எச்-ஏ-ஜே புனிதப் பயணம். கடைசியில் இரண்டு ஜே போட்டும் எழுதலாம், ஆனால் பையில் ஒரு ஜேதான் என்பதால், எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக்காய் வேண்டும்.

வி எழுத்துக்கு இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

படி 8: மனதில் நிறுத்துவது

கோலாலம்பூரில் வசிக்கும் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் ஐந்து முறை ஆங்கில உலகப் பட்டம் வாங்கியவர். 2015இல் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே பிரெஞ்சுப் பட்டியலை ஒன்பது வாரத்தில் மனப்பாடம் செய்து பிரெஞ்சு உலகப் பட்டத்தையும் எடுத்தார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். இவரைக் காட்டி, பொருளே வேண்டாம், எழுத்தை மட்டும் உருப்போடு என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் இங்கே நிறைய. அது நைஜலுக்குச் சரி. பள்ளி முடிந்து டியூஷனும் முடிந்து வரும் பிள்ளைக்கு வேலைக்காகாது. பள்ளிவாசல் நிலம் என்று தெரிந்தால்தான் அந்த நான்கு எழுத்தும் அடுத்த வாரமும் நிற்கும்.

ஆங்கிலம் தாய்மொழி இல்லையே என்ற கவலையும் வேண்டாம். 2003இல் கோலாலம்பூரிலேயே நடந்த உலகப் போட்டியில் வென்றவர் தாய்லாந்தின் பனுபோல் சுஜ்ஜயகோர்ன். 2007இல் மும்பையில் நைஜலோடு இறுதிச்சுற்றில் மோதியவர் நம் நாட்டின் கணேஷ் ஆசீர்வாதம்.

சரி, வேலைக்கு வருவோம். சின்ன அட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள், அதன் எழுத்துகளை அகரவரிசையில் எழுதுங்கள். வக்ஃபுக்கு ஏ, எஃப், கியூ, டபிள்யூ. கிப்லாவுக்கு ஏ, பி, ஐ, எல், கியூ. பின்பக்கம் சொல்லும் ஒரு வரிப் பொருளும். ரேக்கில் காய்கள் கலைந்துதான் வரும் என்பதால் பயிற்சியும் கலைந்தே இருக்க வேண்டும். உடனே சொல்லிவிட்ட அட்டையை மூன்று நாள் கழித்துப் பாருங்கள், தடுமாறியதை மறுநாளே பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து புதிய அட்டை தாராளம். காடியும் ஊர்த்தலைவரும் ஒரே அட்டையில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் சொன்னால் மார்க் இல்லை.

படி 9: பை காலியாகும் முன் ஒரு முடிவு

பையில் ஏழு காய்களாவது இருந்தால்தான் காய் மாற்ற முடியும். அதற்குக் கீழே போய்விட்டால் கியூ உங்கள் தலையில்தான். கடைசியில் கையில் தங்கினால் உங்கள் கணக்கில் 10 குறையும், முடித்தவர் கணக்கில் 10 ஏறும், ஆக 20 புள்ளி வித்தியாசம். அதனால் பையில் ஒரு பதினைந்து காய் மிச்சம் இருக்கும்போதே கையைப் பாருங்கள். ஐயும் இல்லை, ஏயும் இல்லை, பலகையில் ஐ ஓரமெல்லாம் அடைபட்டிருக்கிறது என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஒரு முறை ஆடாமல் போவது வலிக்கும், 20 அதைவிட வலிக்கும். கையில் ஓர் ஐ இருந்தால் அதை மட்டும் செலவழிக்காமல் கியூவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கியூ இன்னும் வெளியே வரவில்லை, உங்களிடமும் இல்லை என்றால் கணக்கு தலைகீழ். கரும்நீலக் கட்டத்தை ஒட்டி ஐயைத் தனியாக நிறுத்தி வைக்காதீர்கள். ஏ-ட்டி, ஐ-என் இரண்டின் முன்பக்கத்தையும் ஏதாவது ஒரு சாதாரணக் காயால் அடைத்துவிடுங்கள்.